பாதியண்ணன் உட்கார்ந்த நாற்காலி

பாதியண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே வழிவிட்டு ஒதுங்கி நிற்பார். பழைய மரச்சாமான்களை வாங்கிச் சீர்செய்து விற்பது தொழில். எதிராளி விலையைச் சொல்லி வாயை மூடுவதற்குள் "பாதிக்குக் குடுங்க" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு சுவர்க் கடிகாரத்தை இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனதில் கடிகாரமே மனமுடைந்து, அன்றிலிருந்து பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. நம்பாதவர்கள் கடைக்குப் போய்ப் பார்க்கலாம். அவசரப்பட வேண்டியதில்லை, அங்கே இன்னும் போன மாதம்தான் நடந்துகொண்டிருக்கிறது.

அவருக்குத் தொழிலில் இரண்டே விதி. வாங்கப் போன இடத்தில் ஆசையைக் காட்டக் கூடாது. விலை படியவில்லையென்றால் வாசலைப் பார்த்து நடக்க வேண்டும், கூப்பிடுவார்கள். இதற்கு ஏற்றபடி முகத்தையும் பழக்கி வைத்திருந்தார். தேக்கு மேஜையைப் பார்த்தாலும் தெருவோரக் கல்லைப் பார்த்தாலும் ஒரே முகம். அவருடைய கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பதை அலமாரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

முதுகு போன கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். நடந்தது இவ்வளவுதான். மூன்று கதவு வைத்த பீரோ ஒன்றை மாடிப்படியில் இறக்கினார்கள். இவர் கீழ்ப்பக்கம், வண்டி ஓட்டுகிற மைத்துனர் மேல்பக்கம். விலையை அடித்த அடியில் வீட்டுக்காரர் கை கொடுக்க மறுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். நடுப்படியில் மைத்துனருக்குத் தும்மல் வந்தது.

ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறியது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "எல்லாம் அழகா இருக்கு" என்றார். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நசுங்கின நரம்பு எதையும் மறக்கவில்லை. இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை யாரோ பழுக்கக் காய்ச்சின கம்பியை உள்ளே விட்டு இழுப்பது போல ஓர் எரிச்சல். போர்வை பட்டால் எரியும். காற்றாடிக் காற்று பட்டால் எரியும். உட்கார்ந்தால், அதைச் சொல்லி முடியாது. மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு அவரை மட்டும் தூங்க வைத்தன.

ஆகவே மூன்று வருஷமாகப் பாதியண்ணன் நின்றார். கடையில் ஊரில் உள்ள நாற்காலிகளெல்லாம் இருந்தன, ஒன்றிலும் உட்காரவில்லை. பகலில் விற்காத பீரோவில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். ஒருநாள் ஓர் அம்மாள் பீரோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவர் சட்டைக் காலரைத் திருப்பி விலைச்சீட்டு இருக்கிறதா என்று தேடினாள். கண் திறக்காமலே "பீரோ மட்டும்தாங்க" என்றார்.

வீட்டில் குளிர்பெட்டி மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். அண்ணி, அதாவது அவர் மனைவி, சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். எதிரே இருந்த அவருடைய நாற்காலியில் மடிக்காத துணி ஏறிக்கொண்டது. முதலில் ஒரு துண்டு, பிறகு சட்டைகள், பிறகு ஒரு மலை.

அண்ணிதான் விசாரித்து விசாரித்து வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். அறைச் சுவரில் பூஜ்யம் முதல் பத்து வரை வரிசையாக முகங்கள் வரைந்த படம் ஒட்டியிருந்தது. முதல் முகம் சிரித்தது. கடைசி முகம் அழுதது.

"முதுகுத் தண்டை ஒட்டி உள்ளே மெல்லிசா ஒரு ஒயர் வைப்போம்," என்றார் டாக்டரம்மா. "அதுல லேசா கரண்ட் போகும். கால்லேருந்து வலி மூளைக்குப் போற வழியில அது குறுக்கே நிக்கும். வலியோட காரணத்தை இது சரி பண்ணாது. வலியை உள்ளே விடாம தடுக்கும், அவ்வளவுதான். முதல்ல ஒரு வாரம் பெட்டியை வெளியில, இடுப்புல கட்டிப் பார்ப்போம். வலி பாதியாவது குறைஞ்சாத்தான் உள்ளேயே நிரந்தரமா வைப்போம். இப்ப எவ்வளவு வலி, சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

பாதியண்ணன் சுவரைப் பார்த்தார். அழுகிற முகம் அவரைத் தெரிந்தவர் போலப் பார்த்தது. ஆனால் எதிரே இருப்பவரிடம் ஒரு பொருள் இருக்கிறது. தனக்கு அது வேண்டும். இந்த நிலைமையில் அவர் நாக்கு யாரையும் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை.

"ஒரு ஆறு போட்டுக்குங்க."

"என்னங்க, ஆறா?" என்றாள் அண்ணி.

பேசாதே என்று மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவசரத்தில் இடது காலால் மிதித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. டாக்டரம்மா காற்றாடியின் வேகத்தைக் குறைத்தார்.

ஒயர் வைக்கிற அன்று குப்புறப் படுக்க வைத்து, முதுகை மட்டும் மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே ஊசி வழியாக உள்ளே செலுத்தினார்கள். கரண்ட்டைக் கூட்டிக் குறைப்பதற்கென்று பெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியைப் பையில் தேடிக்கொண்டே இருக்கிற மனிதர்.

"எங்கே குறுகுறுங்குது?"

"இடுப்புல."

டாக்டரம்மா ஒயரை ஓர் இழை நகர்த்தினார். "இப்ப?"

"தொடையில. இன்னும் இறக்குங்க."

"இப்ப?"

"முழங்கால். இன்னும் கொஞ்சம் இறங்கி வாங்க டாக்டரம்மா, பார்த்துப் பண்ணுங்க."

"என் வாழ்க்கையில இப்படிப் பேரம் பேசிக்கிட்டு ஒயர் வச்சதில்லை," என்றார் டாக்டரம்மா. குறுகுறுப்பு குதிகாலைத் தொட்டது. எரிகிற இடத்தின் மேல் ஈரத்துணி போர்த்தினது போல இருந்தது. பாதியண்ணன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குப்புறப் படுத்திருந்ததால் தெரிந்திருந்தாலும் பயனில்லை.

ஒரு வாரம் குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. பெட்டி இடுப்பில் தொங்கியது. மேஜைக்கடியில் தலையை விட்டுப் பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தே பழகின மனிதர் விறைப்பாக நடந்து போவதைப் பார்த்து மைத்துனர் சொன்னார்: "மாமா, யாரோ உங்களுக்கு மாலை போடப் போறாங்கங்கிற மாதிரியே நடக்கறீங்க."

"நீ தும்மாம தள்ளி நில்லு," என்றார் பாதியண்ணன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அது நடந்தது. தட்டை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டியின் பக்கம் போனவர், பாதி வழியில் நின்று மேஜையைப் பார்த்தார். அண்ணி எழுந்து, நாற்காலியில் இருந்த துணி மலையை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டு வந்தாள். அவர் உட்கார்ந்தார். எரிச்சல் போய்விடவில்லை, அடுத்த தெருவுக்குக் குடிபோன மாதிரி, அங்கே கதவு சாத்துகிற சத்தம் மட்டும் எப்போதாவது கேட்டது. இரண்டு பேரும் எதிரெதிரே சாப்பிட்டார்கள். அன்று படுத்துத் தூங்கினார். அவர் விட்ட குறட்டையில் கடையில் இருந்த கடிகாரம் கொஞ்ச நேரம் சரியான வேகத்தில் ஓடியதாகக் கேள்வி.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அண்ணி சொன்னாள்: "அங்க போய் வியாபாரம் பேசாதீங்க. உள்ளதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே கூப்பிட்ட நேரத்தில் அண்ணி மருந்து வாங்குகிற வரிசையில் நின்றாள். பெட்டிக்காரர் கேட்டார்: "இப்ப எவ்வளவு இருக்கு?"

மூன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாயிலிருந்து வந்தது வேறு.

"பரவாயில்லை. ஒரு நாலு. நாலரைன்னும் சொல்லலாம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆறு நாலரையாச்சு. பத்தாதுங்கய்யா. பாதி குறையாதவங்களுக்கு உள்ளே வைக்கிறது தப்பு. இன்னொரு ஆபரேஷன், அப்புறம் காலம் பூரா உடம்புக்குள்ள ஒரு பொருள். உங்களுக்கு இது ஒத்து வரலை. ஒயரை எடுத்துடலாம்."

பாதியண்ணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கெட்டிக்கார அம்மா. முறுக்கிப் பார்க்கிறார். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எழுந்தார். வாசலைப் பார்த்து நடந்தார். அது சாதாரண நடை அல்ல. எத்தனையோ வியாபாரிகளை அந்த நடையாலேயே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். முதல் அடி மெதுவாக, இரண்டாவது அதைவிட மெதுவாக. நிலைப்படியில் கை வைத்து மரம் என்ன மரம் என்று ஒரு தட்டு தட்டினார். வெளியே வெயில் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். இதற்கு மேல் யாரும் அவரைப் போக விட்டதில்லை.

பின்னாலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார்.

"அடுத்தவங்க வரலாம்."

அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சுப் பக்கம் அண்ணி மருந்துப் பையோடு வந்தாள். "என்ன சொன்னாங்க?"

"கூப்பிடுவாங்க, இரு."

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். "ஐயா, கட்டுப் போடற ரூமுக்கு வாங்க. ஒயரை எடுத்துடறேன்."

"எடுத்துட்டு?"

"வீட்டுக்குப் போகலாம்."

அப்போதுதான் பாதியண்ணனுக்கு விஷயம் புரிந்தது. அவர் வாழ்நாளில் முதல்முறையாக, விற்க மனமில்லாத ஒருவரிடம் பேரம் பேசியிருக்கிறார்.

அண்ணி நர்ஸைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "என்ன நம்பர் சொன்னீங்க?"

சொன்னார்.

அவள் சத்தம் போடவில்லை. திட்டவுமில்லை. மருந்துப் பையின் வாயை இரண்டு தடவை மடித்தாள். "சரி. அந்த நாற்காலியில திரும்பத் துணியைப் போட்டுடறேன்," என்றாள்.

பாதியண்ணன் இடுப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போடாதே," என்றார். பிறகு நர்ஸிடம்: "அம்மா, ஒயரை எடுக்கணும்னா முதல்ல டாக்டரம்மாவைப் பார்த்துட்டு வரேன். அதுவரைக்கும் யாரும் என் பக்கத்துல வரக் கூடாது." சொல்லிவிட்டு டாக்டரம்மாவின் அறைக் கதவை ஒட்டி நின்றார். நிற்பதில் அவருக்கு மூன்று வருஷப் பயிற்சி இருந்தது. நோயாளிகள் உள்ளே போனார்கள், வந்தார்கள். ஒரு பெரியவர் இவரைக் கோட் மாட்டுகிற கம்பம் என்று நினைத்துத் தம் குடையை மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளும் வரை குடை அங்கேயே இருந்தது.

கடைசியில் உள்ளே விட்டார்கள்.

"டாக்டரம்மா, நான் சொன்னது நிஜமான நம்பர் இல்லை. முன்னாடி பத்து. இப்ப மூணு."

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. "முதல்ல ஆறுன்னீங்க. மாட்டேன்னதும் பத்துங்கறீங்க. நான் எந்த நம்பரை நம்பறது? தப்பா வச்சுட்டா கஷ்டப்படப் போறது நீங்க."

நியாயமான கேள்வி. இப்படி விலையை மாற்றி மாற்றிச் சொல்கிற ஆளிடம் அவரே ஓர் ஆணி வாங்க மாட்டார். ஒருவேளை அப்படிப்பட்டவனிடம் நாற்காலி வாங்க நேர்ந்தால் அவர் என்ன செய்வார்? அவன் பேச்சைக் காதில் வாங்க மாட்டார். நாற்காலியைத் தரையில் வைத்து, நாலு மூலையிலும் அழுத்தி, ஆடுகிறதா என்று பார்ப்பார்.

"என் வாயை நம்பாதீங்க," என்றார். "பெட்டியை நிறுத்திட்டு என்னை உட்கார வச்சுப் பாருங்க. பொருள் ஆடுதா இல்லையான்னு நீங்களே பார்த்துக்கலாம்."

டாக்டரம்மா பெட்டிக்காரரைப் பார்த்தார். பெட்டிக்காரர் கண்ணாடியைப் பையில் தேடுவதை நிறுத்தினார்.

நடையில், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிற இடத்தில், ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டார்கள். மெத்தை வைத்த நாற்காலி ஒன்று இருந்தது. அது வேண்டாம் என்றவர் பாதியண்ணன்தான். அவர் உட்கார்ந்ததும் பெட்டிக்காரர் ரிமோட்டை அழுத்தினார். குதிகாலில் இருந்த குறுகுறுப்பு நின்றது.

வலி உடனே வரவில்லை. வெளியூர் போயிருந்த சொந்தக்காரரைப் போல மூட்டையெல்லாம் கட்டிக்கொண்டு நிதானமாகத்தான் வந்தது. முதலில் குதிகால். பிறகு கெண்டைக்கால். பிறகு தொடை. பிறகு எல்லாச் சாமான்களையும் இறக்கி வைத்துக்கொண்டு இடுப்பில் உட்கார்ந்தது. செருப்புக்குள் இடது கால் விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அவர் எழுந்திருக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரம்மா பார்த்தார். நாற்காலியில் ஒரு மனிதர், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பெட்டிக்காரர் சொன்னது இவர் காதிலும் விழுந்தது: "முகத்துல ஒண்ணையும் காணோமே. நல்லாத்தானே இருக்கார்?"

அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். "முகத்தைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு." பல்லுக்குள்ளிருந்து வந்தது குரல்.

"இல்லை. அது கடை முகம்."

"எனக்கு இருக்கறது ஒரு முகம்தானே."

"மூணு வருஷமா எங்கிட்டயும் மூடியே வச்சிருக்கீங்க. நான் என்ன விலையை ஏத்திடவா போறேன்? உங்களுக்கு எவ்வளவு வலிக்குதுன்னு போர்வையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். காலடிச் சத்தத்தை வச்சுத் தெரிஞ்சுக்கறேன். உங்களைப் பார்த்து ஒருநாளாவது தெரிஞ்சுக்கறேன், திறங்க."

பாதியண்ணன் முயன்றார். ரொம்ப நாளாகத் திறக்காத கடைக்கதவு சட்டென்று ஏறாது. முதலில் தாடை அசைந்தது. பிறகு நெற்றி. பிறகு ஏதோ ஒரு தாழ்ப்பாள் விலக, முகம் முழுதும் ஒரேயடியாகத் திறந்துகொண்டது. வாய் கோணி, கண் இடுங்கி, கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நெஞ்சுக்கடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. மேல்மாடியில் மயக்கத்தில் இருந்த ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்து "யாருக்கு என்ன?" என்று கேட்டதாக நர்ஸ் பிற்பாடு சொன்னாள். அண்ணி அவர் கையைப் பிடித்தாள். அவர் பிடித்த பிடியில் வளைந்த மோதிரத்தை அவள் இன்னமும் நிமிர்த்தவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து அவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு, ஐயா?"

வாயைத் திறந்தார். நாக்கு முதல்முறையாக ஒரு விலையும் சொல்லாமல் நின்றது.

"நம்பர் வரலை, டாக்டரம்மா."

டாக்டரம்மா ரிமோட்டை வாங்கித் தம் கையாலேயே அழுத்தினார். எழுந்து போகவில்லை, அங்கேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நெற்றி பிரிந்தது. தாடை இறங்கியது. செருப்புக்குள் விரல்கள் ஒன்றையொன்று விட்டன. பாதியண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய முகத்தை எடுத்து மாட்டப் போனார். அது எங்கே போயிற்றோ, கைக்கு அகப்படவில்லை.

"இதைத்தான் முதல்லேயே கேட்டேன்," என்றார் டாக்டரம்மா. "நிரந்தரமா வைக்கலாம். ஆனா முழுசாக் கேட்டுக்குங்க. வெளியில இருக்கற இந்த ஒயரை இன்னிக்கு எடுத்தாகணும், இல்லைன்னா கிருமி சேரும். புண் ஆறி, புதுசா வைக்கற வரைக்கும் சில வாரம் பழைய வலிதான். வச்ச பிறகும் ஒயர் நகரலாம், திரும்பத் திருத்த வேண்டி வரலாம். பேட்டரியை வெளியிலேருந்தே சார்ஜ் போட்டுக்கிட்டே இருக்கணும். எல்லா வலியும் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எவ்வளவு போகும்?"

"பாதி. நல்லா அமைஞ்சா இன்னும் கொஞ்சம்."

அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெட்டிக்காரர்கூடக் காத்திருந்தார்.

"பாதி போதும்," என்றார் பாதியண்ணன். "சொன்னபடியே எடுத்துக்கறேன்."

ஒயரை எடுத்தார்கள். வலி மறுபடி முழுதாகக் குடியேறியது. அந்த வாரங்களில் பாதியண்ணன் மறுபடியும் குளிர்பெட்டி மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். ஆனால் வலித்தால் வலிக்கிறது என்றார். எவ்வளவு என்று அண்ணி கேட்டால் உள்ள நம்பரைச் சொன்னார். மைத்துனர் கேட்டபோதும் உள்ளதைச் சொன்னார். "மாமாவுக்கு ஜுரம் போல இருக்கு," என்று மைத்துனர் அக்காவிடம் வந்து கவலைப்பட்டார். மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலி காலியாகவே இருந்தது. துவைத்த துணியை அண்ணி கட்டிலில் குவித்தாள், ஜன்னலில் குவித்தாள், ஒருநாள் இடமில்லாமல் மைத்துனர் தோளில்கூடப் போட்டாள். அந்த நாற்காலியில் போடவில்லை.

இடுப்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். புண் ஆறினதும் பெட்டிக்காரர் கரண்ட்டைக் கூட்டிக் குறைத்து ஒரு நிலைக்குக் கொண்டுவந்தார். எரிச்சல் அடுத்த தெருவுக்குப் போயிற்று. அதற்கு அடுத்த தெருவுக்குப் போகவில்லை. மழை நாட்களில் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. சார்ஜ் போடுகிற பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு வந்த அண்ணி மேஜையைத் துடைக்கத் துணியோடு நின்றாள்.

"கடையைத் திறக்க வேண்டாமா? எழுந்திரிங்க."

"பத்து நிமிஷம்."

"அஞ்சு," என்றாள் அண்ணி.

பாதியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பதிலுக்கு ஒரு பேரமும் பேசவில்லை. அவளும் துணியை மேஜையில் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.